குளத்திலும் ஆற்றிலும் மீன் செத்தால்: கேள்வி பதில்

கேள்வி (தேரூர்): விடியக்காலம் குளத்துல மீன் மேல வந்து வாயைப் பிளக்குது. யாராவது மருந்து கலந்துட்டாங்களா சார்?

பதில்: நேரத்தையும் மீன் வகையையும் பாருங்கள். பாசியும் செடிகளும் இரவு முழுக்க ஆக்சிஜனை இழுப்பதால், சாக்கடை சேரும் குளத்தில் விடியலில்தான் அது மிகவும் குறைந்துபோகும். பெரிய கட்லா, ரோகு முதலில் திணறும். வெயில் ஏறினால் மிச்சமிருப்பவை தெளியும். விரால், தேளி, பனையேறிக்கெண்டை மேலே வந்து காற்றையே இழுப்பவை; ஆக்சிஜன் குறைவால் எளிதில் சாகாது. அவையும் மிதந்து, இறாலும் தண்ணீர்ப்பூச்சியும் சேர்ந்து செத்திருந்தால் விஷம் என்றே எடுத்துக்கொண்டு நடவடிக்கையில் இறங்குங்கள்.

கேள்வி (சுசீந்திரம்): பழையாத்துத் தண்ணியை நாங்களே பாட்டில்ல எடுத்து வச்சா கேஸுக்கு ஆகுமா?

பதில்: காரணம் தெரிய உதவும், கோர்ட்டுக்குப் போதாது. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டால்தான் சாட்சியமாகும். அன்றைக்கே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மீன்வளத்துறைக்கும் எழுதிக் கொடுங்கள். ஓடும் ஆற்றில் விஷம் சில மணி நேரத்தில் கடந்துபோய்விடும்.

அதற்குள் கழிவு சேருமிடம், அதற்கு மேலே, கீழே என மூன்று இடத்தில் எடுங்கள். மேல்பக்கத் தண்ணீர் இல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது. பலர் விடுவது இதைத்தான். கீழிருந்து மேலே ஏறிப் போனால் நீங்கள் கலக்கும் சேறு மாதிரியில் வராது. பூச்சிமருந்துக்கு 1 லிட்டர் கண்ணாடி பாட்டில், உலோகத்துக்குப் பிளாஸ்டிக். ஐஸில் வையுங்கள், உறையவிடாதீர்கள். ஆக்சிஜனை அங்கேயே அளக்க வேண்டும்: மீனுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். துடித்துக்கொண்டிருக்கும் மீனை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் போடுங்கள். ஊதி அழுகியதை ஆய்வகம் வாங்காது.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் ஷீட் அடிச்ச தண்ணியை ஓடையில விடலாமா அண்ணே?

பதில்: விடவே கூடாது. ஒரு கிலோ ஷீட்டுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் புளித்த தண்ணீர் வரும். அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் அழுகும்போது ஓடையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். முதலில் தடுப்புத் தொட்டியில் ரப்பர் துகளை மிதக்கவிட்டு அள்ளுங்கள்; பிறகு புளிப்பைக் காட்டும் பி.எச். தாளில் 6.5 தாண்டும்வரை சுண்ணாம்புப் பால் சேர்த்து, கிணற்றுக்கு எட்ட இருக்கும் தொட்டியில் தேக்குங்கள். சாண எரிவாயுக் கலனிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ரப்பர் பாலை உறையவைக்க, விலை குறைவென்று சல்ஃப்யூரிக் அமிலம் ஊற்றினால், தேங்கிய தண்ணீரில் அழுகின முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். ஃபார்மிக் அமிலமே போதும்.

கேள்வி (மணக்குடி): கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட இடத்துல பிடிச்ச மீனைத் தின்னலாமா?

பதில்: உயிரோடு பிடித்தது என்றாலும் அந்தக் கறுத்த தண்ணீர் மீன் வேண்டாம். செத்து மிதந்ததை எங்கேயும் தொடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். கொழுப்பையும் தோலையும் நீக்கினால் சில பூச்சிமருந்து குறையும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் கழுவினாலும் கொதித்தாலும் போகாது.

கேள்வி (பூதப்பாண்டி): கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லுக்கு மருந்தடிச்சா எத்தனை நாள் மடையைத் திறக்கக் கூடாது?

பதில்: டப்பா லேபிளில் உள்ள நாள்வரை. லாம்டா சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின் இரண்டும் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே மீனைக் கொல்லும். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். டேங்கை வாய்க்காலில் கழுவாமல், கழுவின தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள்.