கோடையில் அடுக்குச் சம்பங்கியின் நுனி மொட்டுகள் விரியாதது ஏன்?

சத்தியமங்கலம் பகுதியில் கொய்மலருக்காக (தண்டோடு வெட்டி விற்கும் பூவுக்காக) அடுக்குச் சம்பங்கி பயிரிட்டுள்ள வாசகர் ஒருவர், மாசி வரை நன்றாக வந்த பூந்தண்டுகள் சித்திரையில் குட்டையாகிவிடுவதாகவும், வியாபாரியிடம் போன மறுநாளே கீழ்ப்பூக்கள் வாடி நுனி மொட்டுகள் விரியாமலே பழுத்துவிடுவதாகவும் எழுதி, யூரியாவைக் கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

யூரியாவைக் கூட்ட வேண்டாம். வெயில் காலத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்து, சாறு உறிஞ்சும் பூச்சிகள்தான் பெருகும். சம்பங்கிக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமே உகந்தது. 40 டிகிரியைத் தாண்டும்போது தண்டின் நீளமும் பூவின் தரமும் குறைவது அப்பயிரின் இயல்பு. மேலும், அடுக்கு ரகங்களில் மொட்டுகள் முழுதாக விரியாத குணம் பிறவியிலேயே ஓரளவு உண்டு. உதிரிப் பூவுக்கு ஒற்றை ரகங்களான பிரஜ்வல், சிருங்கார் முதலியவற்றை நாடுவதும், சுவாசினி, வைபவ் போன்ற அடுக்கு ரகங்களைத் தண்டாகவே விற்பதும் இதனால்தான். எனினும் உங்கள் இழப்பில் பெரும்பகுதி அறுவடைக்குப் பின் நேர்வதாகவே நான் கருதுகிறேன். அதைத் தடுக்க முடியும்.

சம்பங்கித் தண்டில் மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சோடியாக விரிகின்றன. வெட்டிய பிறகு நுனி மொட்டு விரிவதற்கு வேண்டிய சர்க்கரை, தண்டில் ஏற்கெனவே இருக்கும் இருப்பிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வெயிலேறிய பின் வெட்டிய தண்டு சூட்டுடன் இருப்பதால் வேகமாகச் சுவாசித்து அந்த இருப்பைத் தின்றுவிடுகிறது; நுனிக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. ஆகவே முந்தைய நாள் மாலையே பாத்திக்குத் தண்ணீர் கொடுத்து, விடியற்காலையில் பனி ஈரம் காய்வதற்குள், அடியிலுள்ள ஒன்றிரண்டு சோடிப் பூக்கள் விரிந்த நிலையில் கூரிய கத்தியால் வெட்டுங்கள். தண்டைக் கையால் முறித்தால் அடிப்பகுதி நசுங்கி நீர் ஏறும் வழி அடைபடும். வெட்டிய கையோடு, வயலிலேயே, சுத்தமான தண்ணீருள்ள வாளியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்த தண்டை மலர் அலங்காரக்காரர் கழித்துவிடுவார்.

நிழலுக்கு வந்ததும், லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை கரைத்த நீரில் ஒருநாள் முழுவதும் நிறுத்தி வைத்த பிறகு அனுப்பினால், மொட்டுகள் கண்கூடாகக் கூடுதலாக விரியும். அந்தக் கரைசலில் கிருமி வளர்ந்து தண்டை அடைக்கும் என்பதால், கொய்மலருக்கென விற்கும் கிருமித் தடுப்பு மருந்தையும் அதன் உறையில் குறித்துள்ள அளவில் சேர்ப்பது அவசியம். விலை ஏறும்வரை குளிர்பதன அறையில் வைத்திருக்கலாம் என்ற யோசனை சம்பங்கிக்குப் பொருந்தாது. பல நாள் குளிரில் கிடந்த மொட்டுகள் வெளியே எடுத்த பின்பும் விரிய மறுக்கும்.

வயலில் செய்ய வேண்டியது, மண் காயாதபடி குறைந்த இடைவெளியில் அளவாகப் பாய்ச்சுவதும், கரும்புச் சோகையால் மூடாக்கு இடுவதும், மேற்கு வரப்பில் அகத்தியை நெருக்கமாக விதைத்துச் சுடுகாற்றைத் தடுப்பதுமே. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மொட்டுகள் பழுப்பேறினால், ஒரு தண்டை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் நூலிழைத் துண்டுகளைப் போல நெளியும் பூச்சிகள் உதிர்ந்தால், அவை இலைப்பேன்கள். மருந்து தெளிக்கும் முன் வேளாண் அலுவலரிடம் காட்டிவிடுங்கள். மங்கிய செடிக் குத்து ஒன்றையும் வேரோடு தோண்டிக் கழுவிப் பாருங்கள். வேர்களில் முடிச்சுகள் தென்பட்டால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அந்தப் பாத்தியின் கிழங்கை விதைக்கு எடுக்காமல், பயிர் முடிந்ததும் அங்கே ஒரு போகம் செண்டுமல்லி வைத்துவிட்டு மறுநடவு செய்யுங்கள்.