மேயரா, கமிஷனரா, யாரிடம் போவது? நெல்லை மாநகராட்சி பற்றி நீங்கள் கேட்டவை

அண்ணாச்சி, எங்கள் தெருவுக்கு வாறுகால் (கழிவுநீர் வடிகால்) கேட்டு மேயர் கையிலேயே மனு கொடுத்தோம். ஆறு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. மேயர் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? (தச்சநல்லூர்)

போதாது. மேயர், கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்துக்குத் தலைவர், கூட்டத்தை நடத்துபவர், ஆனால் வேலையை நிறைவேற்றும் அதிகாரம் அரசு நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கிறது. உங்கள் மனு உதவிப் பொறியாளரிடம் போய், அவர் அளந்து மதிப்பீடு போட்டு, தொகையைப் பொறுத்து கமிஷனரோ குழுவோ மாமன்றமோ ஒப்புதல் கொடுத்து, அப்புறம் டெண்டர் விட்டு, அதன் பிறகுதான் மண்வெட்டி தெருவுக்கு வரும். இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப மேயரிடம் மனு கொடுப்பதில் பலன் இல்லை. தச்சநல்லூர் மண்டல அலுவலகத்தில் "மதிப்பீடு போட்டாச்சா, மன்றப் பொருளில் (மாமன்றக் கூட்டத்தில் எடுக்கும் விஷயங்களின் பட்டியலில்) ஏறியதா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஏறவில்லை என்றால் உங்கள் கவுன்சிலர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும், அது அவர் கடமை.

2023 டிசம்பர் வெள்ளம் போன்ற அவசரத்தில் மட்டும் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் மேயரின் முன் அனுமதியோடு வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பார்கள்.

துணை மேயருக்கு என்ன வேலை? (பாளையங்கோட்டை)

மேயர் வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், மேயர் பதவி காலியானால் புதியவர் வரும்வரை பொறுப்பைப் பார்ப்பார். அன்றாடத்தில் அவரும் ஒரு வார்டு கவுன்சிலர்தான்.

மேயரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் நல்லதுதானே? (டவுண்)

தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் அப்படித்தான் நடந்தது. 2022-ல் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறையில் மேயர் மன்றத்தை நாள்தோறும் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், அது எவ்வளவு பாடு என்பதை நம் ஊரே பார்த்தது. 2024 ஜனவரியில் அப்போதைய மேயர் சரவணன் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கூட்டம் போட்டார்கள், கவுன்சிலர்கள் யாரும் வராததால் அது விழுந்தது. ஜூலையில் அவரே ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 5-ம் தேதி ராமகிருஷ்ணன் 30 வாக்கு பெற்றுத் தேர்வானார், எதிர்த்து நின்றவருக்கு 23. மன்றத்துக்கும் மேயருக்கும் இழுபறி என்றால் குடிநீர், தெருவிளக்கு என்று எல்லாப் பொருளும் சேர்ந்துதான் நிற்கும். எனக்கு நேரடித் தேர்தல்தான் பிடிக்கும், ஆனால் அப்போதும் 55 கவுன்சிலர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு மேயர் பட்ஜெட்டை நிறைவேற்ற முடியாது.

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு அம்மா. ஆனால் கூப்பிட்டால் அவர் கணவர்தான் வருகிறார், அதிகாரிகளிடமும் அவரே பேசுகிறார். இது சரியா? (மேலப்பாளையம்)

சரியே இல்லை. பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது அவர்கள் பேசத்தான். கணவருக்கு மன்றத்தில் இருக்கையும் கிடையாது, வாக்கும் கிடையாது. மனுவில் அந்த அம்மாவின் பெயரை எழுதி அவர் கையிலேயே கொடுங்கள், பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனால் அவருக்கும் தெம்பாக இருக்கும். 2022-ல் வந்த விதிப்படி வார்டு குழுவுக்கு கவுன்சிலர்தான் தலைவர், வார்டின் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடிப் பேசும் ஏரியா சபையும் உண்டு. அடுத்த சபை என்றைக்கு என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள்.