ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட்: மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தால் செல்போன்தான். எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுகிறான். கராத்தேயில் சேர்த்தால் ஒழுங்கு வரும் என்கிறார்கள். இங்குள்ள ஒரு வகுப்பில் ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்கலாமாம். கற்றுக்கொண்டு மற்ற பிள்ளைகளை அடிப்பானோ என்ற பயமும் இருக்கிறது.
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள் அம்மா. அந்த ஒன்றரை வருடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். தவறாமல் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கே பிளாக் பெல்ட்டுக்கு நாலைந்து வருடம் ஆகிவிடும்.

கராத்தேயில் ஷோடோகான் என்றொரு பிரிவு உண்டு. வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பைக் ‘கட்டா’ என்பார்கள்; இந்தப் பிரிவில் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் படிக்கும் கட்டா ஹெய்யான் ஷோடான். மொத்தம் 21 அசைவுகள்; முதல் அசைவே அடியல்ல, கீழே வரும் அடியைத் தடுப்பது. இதன் மூல வடிவத்தை ஜப்பானின் ஒக்கினாவா தீவில் பள்ளி மாணவர்களுக்காக அமைத்தவர் இடோசு அன்கோ. அவரிடம் பயின்று, 1922-இல் டோக்கியோவில் கராத்தேயை அறிமுகப்படுத்திய ஃபுனகோஷி கிச்சின், கராத்தே படித்தவன் முதலில் கை ஓங்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதிவைத்தார். மாஸ்டர் இதை வகுப்பில் வலியுறுத்துகிறாரா என்று பாருங்கள்.

பாதியில் விடும் பழக்கத்துக்கு மருந்தும் இந்தக் கட்டாதான். அதே 21 அசைவுகளை மாதக்கணக்கில் செய்யவேண்டும். குதிகால் தரையில் பதியவில்லை, முழங்கால் மடங்கவில்லை என்று மாஸ்டர் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார். இரண்டு மூன்று மாதத்தில் பையனுக்குச் சலித்துப்போகும், “போகமாட்டேன்” என்பான். அப்போது திட்டவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். “அடுத்த பெல்ட் எப்போது?” என்பதற்குப் பதில், “இன்றைக்குப் படித்ததைச் செய்து காட்டுடா” என்று கேளுங்கள். அவன் செய்யும் ஐந்து நிமிடமும் உங்கள் செல்போனும் ஓரமாக இருக்கட்டும்.

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் அந்த இடமே வேண்டாம். கையால் ஓடு உடைப்பது, வயிற்றின் மேல் பைக் ஏற்றுவது எல்லாம் ஆண்டு விழா மேடைக்குக் கைதட்டல் வாங்கித் தரும், அவ்வளவுதான். வளர்கிற எலும்புக்கு அது ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளையைச் செய்யச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க விடாமல் பயிற்சி தருவதும் கண்டிப்பு ஆகாது. சண்டைப் பயிற்சியில் கையுறையும் பல்காப்பும் இருக்கிறதா, அடுத்த பெல்ட்டுக்கான கிரேடிங் தேர்வுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கராத்தே டிரஸ் உடனே வாங்க வேண்டாம். முதல் மாதத்துக்கு டிராக் பேண்டும் டி-சர்ட்டும் போதும்.