லேப்டாப்புக்கு முன்னால் ஒரு ரப்பர் கணக்கு

குலசேகரத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். கூடப் பழகும் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடம் லேப்டாப் இருக்கிறது, இவளுக்கு உங்கள் போன் மட்டும்தான். சங்கிலியை அடகு வைத்தாவது ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம், அம்மா. லேப்டாப் இருந்தும், சேமித்த கோப்பு எங்கே போனது என்று தெரியாமல் தவிக்கிற கல்லூரிப் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பழக்கம்தான் முதலில் வர வேண்டும். அதைப் போனிலேயே தொடங்கலாம். தினமும் இரவு ஒரு மணி நேரம் போனை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் ரப்பர் தோட்டம் இருக்கிறது என்றீர்களே, அதையே பாடமாக்கலாம். கணக்கை அட்டவணையாக எழுதுகிற கூகுள் ஷீட்ஸ் செயலி இலவசம். அன்றைக்கு எத்தனை ரப்பர் ஷீட் அடித்தீர்கள், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) எவ்வளவு, பால் வெட்டுகிறவருக்குக் கூலி எவ்வளவு என்று அவள் பதியட்டும். ரப்பர் வாரியம் ஆர்எஸ்எஸ் 4 என்ற, புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட் தரத்தின் விலையைத் தன் இணையதளத்தில் அன்றாடம் போடுகிறது; அதையும் அவளே தேடி எடுத்துப் பக்கத்தில் எழுதட்டும். கூட்டல் கழித்தலுக்கெல்லாம் ஃபார்முலா போடப் பழக வேண்டும். மழையில் எத்தனை நாள் வெட்டு நின்றது, கடையில் கிடைத்த விலைக்கும் வாரிய விலைக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு மாதம் கழித்து அவள் அதிலேயே வரைபடம் (சார்ட்) போட்டுக் காட்டினால், அலுவலகங்கள் எதிர்பார்க்கிற வேலை அவள் கைக்கு வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தட்டச்சுக்குப் போன் போதாது. பள்ளியில் ஹைடெக் லேப் என்கிற கணினி அறை இருந்தால், எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினாலும் நல்லதே. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் கேட்பார்கள்.

அப்புறம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான். பதிவு, சான்றிதழ் ஏற்றுவது, கல்லூரி விருப்பப் பட்டியல் எல்லாமே அதில்தான். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு பிரௌசிங் சென்டரில் கடையின் போன் எண்ணையே கொடுத்துப் பதிந்துவிட்டார்கள். விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டிய நாளில் கடை பூட்டியிருந்தது, ஓடிபி அங்கே போனது. அவனும் அவன் அப்பாவும் அந்த வாசலில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. மகள் பெயரில் ஒரு மின்னஞ்சலை இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் எண்ணையே கொடுங்கள். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி, ஆதாரோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள்.

லேப்டாப் பற்றி, பிளஸ் டூ முடித்து எந்தப் படிப்பு என்று தெரிந்த பிறகு பேசலாம். பி.காமுக்குப் போதுமானது கட்டடக்கலைக்குப் போதாது.