வாசகர் கேள்வி: நிக்கல் உச்சம் மழுங்குவது ஏன்?

கேள்வி: நிக்கல் ஆக்சைடு பொடியை வில்லையாக அழுத்தி, நிக்கல் எக்ஸ்-கதிரைத் திடீரென அதிகம் உறிஞ்சத் தொடங்கும் கே விளிம்பில், கதிரை ஊடுருவவிட்டு அளக்கும் ட்ரான்ஸ்மிஷன் முறையில் அளந்தேன். விளிம்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒட்டி உறிஞ்சல் கூர்மையாக எழும் ஒயிட் லைன் உச்சம் தாழ்ந்து மழுங்கியிருக்கிறது. மாதிரி திரும்ப உமிழும் கதிரை அளக்கும் ஃபுளோரசென்ஸ் முறைக்கு மாறினால் சரியாகுமா? – கிளமெண்டி வாசகர்

பதில்: மாற வேண்டாம். செறிவான மாதிரியில் ஃபுளோரசென்ஸும் உச்சத்தை மழுக்கும். உறிஞ்சல் கூடும் இடத்தில் கதிர் இறங்கும் ஆழம் குறைந்துவிடுவதே காரணம். 1 விழுக்காடு நிக்கல் ஏற்றிய அலுமினா என்றால் ஃபுளோரசென்ஸ்தான் சரியான முறை.

சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜ் சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி எக்ஸ்-கதிர் எடுக்கும் நிலையம்) அளந்திருந்தால் மூன்றாம் ஹார்மானிக்கை, அதாவது கூடவே கசிந்து வரும் மும்மடங்கு ஆற்றல் கதிரை, சந்தேகிக்கத் தேவையில்லை. பெரிய வளையங்களில் அது முதல் எதிரி. இங்கோ வளையத்தின் சுற்றளவே 10.8 மீட்டர், ஆற்றல் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட். 4.5 டெஸ்லா மீகடத்தி காந்தம் இருந்தும், நிக்கல் விளிம்பின் மும்மடங்கான 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கதிர் மிகச் சொற்பம்.

ஆகவே பழி வில்லையின் மேல்தான் விழுகிறது: கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். பரப்பில் 10 விழுக்காடு வெறுமையாக இருந்தால், உண்மையான உறிஞ்சல் 0.5 உள்ள இடத்தில் கருவி 0.44 காட்டும், 2.5 உள்ள இடத்திலோ 1.75 தான். உயரமானது எதுவோ அதுவே அதிகம் இழக்கும். இந்த அளவீட்டிலிருந்து அண்டை அணுக்களின் எண்ணிக்கையைக் கணித்தால் குறைவாகவே வரும்.

8,333 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் நிக்கல் ஆக்சைடில் கதிர் ஏறக்குறைய 6 மைக்ரான் மட்டுமே ஊடுருவும். துகள் அதைவிடச் சிறியதாக, 1 அல்லது 2 மைக்ரானாக இருக்க வேண்டும். 400 மெஷ் சல்லடை 37 மைக்ரான் துகளையும் விட்டுவிடும், அதை நம்பாதீர்கள். அகேட் கல்வத்தில் ஐசோப்ரோப்பனால் விட்டு அரையுங்கள். கலக்கிச் சில நிமிடம் விட்டு, மேலே மிதப்பதை மட்டும் வடித்து உலர்த்துங்கள். நிக்கல் ஆக்சைடு தூசு புற்றுநோய் தரக்கூடியது. புகைபோக்கி அறைக்கு (ஃபியூம் ஹூட்) வெளியே உலர்பொடியைத் திறக்கவே கூடாது.

13 மி.மீ. வில்லைக்கு 6 மி.கி. போதும், விளிம்பில் உறிஞ்சலின் ஏற்றம் 1 வரும். தனியாக அழுத்தினால் நொறுங்கும். எனவே 100 மி.கி. போரான் நைட்ரைடுடன் கலந்து அழுத்துங்கள். அப்போதும் மொத்த உறிஞ்சல் 2.5-ஐத் தாண்டாது. 3 மி.கி. போட்டு இன்னொரு வில்லையும் செய்து, இரண்டின் நிறமாலைகளையும் இயல்பாக்கி (விளிம்பின் ஏற்றத்தை ஒரே அளவாக்கி) ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உச்சங்கள் ஒத்துப்போகாவிட்டால் மீண்டும் அரைக்க வேண்டியதுதான்.

கேள்வி: நிக்கல் மிகுந்த பேட்டரி கேதோடு பொடி நம் ஊர் ஈரத்தில் கெடுமா? – ஜூரோங் வாசகர்

பதில்: கெடும். ஈரமும் கரியமில வாயுவும் பட்டதும் மேற்பரப்பில் லித்தியம் கார்பனேட் படியும். கே விளிம்பு பொடியின் உட்பகுதியைப் பார்ப்பதால் அங்கே பாதிப்பு குறைவு. 853 எலக்ட்ரான் வோல்ட் எல் விளிம்பை எலக்ட்ரான் வெளியேற்ற முறையில் அளந்தால் தெரிவது சில நானோமீட்டர் தோல் மட்டுமே. அந்தத் தோல்தான் கெட்டுப்போயிருக்கும். மாதிரியை மூடும் கேப்டன் (பாலிஇமைடு) நாடா ஈரத்தை மெல்லக் கசியவிடும். குளோவ் பாக்ஸிலேயே (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) அலுமினியப் பையில் அடைத்து, அளக்கும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள்.