தனியார் மருத்துவக் கல்லூரிக்குக் கட்ட வசதியில்லை, மகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், அரசு இடத்துக்கு அந்த மதிப்பெண் போதாது, தனியாரில் கேட்கும் பணம் இல்லை, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பது மலிவு என்கிறார்களே, நம்பலாமா என்று.

நான் கானாடுகாத்தான் பக்கத்துப் பெண். 2012ல் உங்கள் மகள் நிற்கிற இடத்தில் நின்றவள். அப்போது இங்கே நீட் கிடையாது, பிளஸ் டூ கட்ஆஃப்தான். ஒன்றரை மதிப்பெண்ணில் அரசு இடம் போனது. தனியாரில் கேட்ட தொகையைக் கேட்டதும் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்றும் சொல்லாமல் எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷமே ரஷ்யாவுக்குப் போனேன்.

முதலில் கடன் விஷயம். நம் பக்கத்தில் பலருக்கும் இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு அரண்மனை. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், மூணாங்கட்டு வரைக்கும் இருக்கிறது. வங்கியில் அதைத்தான் ஈடாகச் சொன்னோம். மேலாளர் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, ஐயா கட்டிய வீடு, இன்றைக்குப் பதினெட்டுப் பங்கு. பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும். எல்லாரும் கையெழுத்துப் போடாமல் அடமானம் நடக்காது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். அதனால் கல்லூரி தேடுவதற்கு முன்னால், யார் பேரிலாவது தனியாக மனையோ வயலோ இருக்கிறதா என்று பாருங்கள். எங்களைக் காப்பாற்றியது அப்பச்சி பேரில் இருந்த ஒரு மனையும் ஆத்தாவின் நகையும்தான்.

ஐயா சின்ன வயதில் மலாயாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகப் போய், கடையை நடத்தும் மேலாளாகத் திரும்பியவர்கள். ஏஜெண்டு வீட்டுக்கு வந்து ஆறு வருஷச் செலவை எழுதிக் காட்டியபோது ஐயா ஒன்றுதான் கேட்டார்கள்: "பிள்ளை திரும்பி வந்து ஒருத்தருக்கு ஊசி போடுற வரைக்கும் என்ன ஆகும்?" "ஆறு வருஷம் முடிஞ்சா டாக்டர்தான் ஐயா" என்றார் அவர். ஐயா அதை ஏற்கவில்லை. தன் நோட்டில் இன்னும் இரண்டு வருஷச் செலவைக் கீழே எழுதிக் கூட்டினார்கள். என் படிப்பு கரை சேர்ந்தது அந்த இரண்டு வருஷப் பணத்தால்தான்.

நடந்தது இதுதான். ஆறு வருஷத்துக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்து 22 லட்சம். 2018ல் முடித்தேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தொழில் செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுத வேண்டும். மொத்தம் 300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி, வருஷத்துக்கு இரண்டு தடவை. பெரும்பாலான தடவைகளில் நூற்றுக்கு முப்பது பேர் தேறினால் அதிகம். எனக்கு முதல் தடவை 128, அடுத்தது 141. தில்லியில் கோச்சிங், வாடகை அறை, கையில் ஒரு பைசா வருமானம் இல்லை, ஊரில் வட்டி ஓடுகிறது. மூன்றாவது தடவை தேறினேன். அதற்கப்புறம் இங்கே ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. எனக்கு அது கொரோனா வார்டில் அமைந்தது. 2012ல் போனவள் 2021ல்தான் முதல் சம்பளம் வாங்கினேன்.

படிப்பு ஆங்கிலத்தில்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் வார்டுக்குப் போனால் நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார், எனக்குப் புரிந்தது "பலீத்" என்ற ஒரே சொல். வலிக்கிறது என்று அர்த்தம். எங்கே, எப்போதிலிருந்து, எப்படி வலிக்கிறது, எதுவுமே எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இரவு அழுதேன். மறுநாளிலிருந்து விடுதிக் காவலுக்கு இருந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசிப் பழகினேன். நம் ஊர்ப் பலகாரமான மணகோலமும் சீப்புச் சீடையும் கொடுத்தே அவரைப் பிடித்தேன். மொழி கற்காத வகுப்புத் தோழர்கள் பலர் நோயாளியைத் தொடாமலே பட்டம் வாங்கினார்கள். எஃப்.எம்.ஜி.இ.யில் அவர்கள்தான் ரொம்பத் திணறினார்கள்.

என் காலத்தைவிட இப்போது விதிகள் கடுமை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி. திரும்பி வந்து இங்கேயும் 12 மாதம். நீட் தகுதி கட்டாயம். பிலிப்பைன்ஸில் மருத்துவத்துக்கு முன் படிக்கும் பி.எஸ். படிப்பு அந்த 54 மாதத்தில் சேராது. ரஷ்யா என்றால் இன்னொன்று: 2022க்குப் பிறகு பல ரஷ்ய வங்கிகளை, நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து நீக்கிவிட்டதால் பணம் அனுப்புவதே ஒரு பாடு. எந்த வங்கி வழியாக அனுப்புவது என்பதை அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டும். அதைப் பார்க்காமல் வெளிநாட்டுப் பேச்சே எடுக்காதீர்கள். அந்த ஒதுக்கீடு இல்லை, ஆனால் அரசு இடத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண்தான் குறைகிறது என்றால், இன்னொரு வருஷம் நீட்டுக்குப் படிக்க வையுங்கள். ஒரு வருஷம் போகிறதே என்று தோன்றும். வெளிநாட்டு வழியில் எனக்குப் போனது ஒன்பது.

இரண்டுக்கும் வழியில்லை, மகளுக்கு மருத்துவத்தின் மேல் உண்மையான ஆசை, எட்டு வருஷத்துக்குப் பணமும் இருக்கிறது என்றால் தயங்காமல் அனுப்புங்கள். நான் இப்போது காரைக்குடியில் ஒரு சின்ன மருத்துவமனையில் பார்க்கிறேன். போனதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. முன்பணம் கட்டுவதற்குள், பார்க்கிற கல்லூரியின் பாடத்திட்டத்தையும் பயிற்சிக் காலத்தையும் மகளையே படித்து, அந்த 2021 விதியோடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். எங்காவது புரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.