பழைய மின்னஞ்சலுக்குக் கொடுத்த இணைப்பு ஏன் வேறொரு கடிதத்தைத் திறக்கிறது?

எத்தனை வருஷம் கழித்துத் தட்டினாலும் அதே கடிதத்தையே திறக்கும் முகவரிதான் நிலையான இணைப்பு.

குழுக்களில் போய்வரும் மின்னஞ்சல்களைப் பொதுவில் சேமித்து வைக்கும் கடிதக் கிடங்குகள் சிலவற்றில் முகவரி வெறும் வரிசை எண்தான்: மார்ச் மாதம், 412-வது கடிதம். நடுவில் கிடந்த ஒரு குப்பைக் கடிதத்தை நீக்கிவிட்டுக் கிடங்கை மறுபடி கட்டினால், 413 போய் 412-ல் உட்கார்ந்துகொள்ளும். பிழை என்றாவது காட்டினால் பரவாயில்லை. இது வேறு யாரோ எழுதியதைக் கூசாமல் காட்டும்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில், "மூணாவதா நிக்க பஸ்ஸுல ஏறுடே" என்று போனில் சொல்கிறோம். முன்னால் நின்ற வண்டி கிளம்பியதும் மூணாவது வேறு வண்டி. டிஎன் 72 என்று தொடங்கும் பதிவெண்ணைச் சொல்லியிருந்தால், வண்டி அம்பாசமுத்திரமே போயிருந்தாலும் ஆள் மாறாது.

மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு பதிவெண் உண்டு: மெசேஜ்-ஐடி. 1982-ல் வந்த மின்னஞ்சல் விதிகளிலேயே அதற்கு இடமிருக்கிறது. கடிதம் கிளம்பும்போதே ஒட்டப்படுவதால், எந்தக் கிடங்குக்குப் போனாலும் கூடவே போகும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போனால் முதல் வரியிலேயே தெரியும். நடுவில் @ குறியோடு ஏதோ கிறுக்கல் மாதிரி இருக்கும். இணைப்பை அதிலிருந்து உருவாக்கினால் வரிசை கலைந்தாலும் கவலையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களின் கடிதக் கிடங்கு இப்படித்தான் இயங்குகிறது.

நிலையான இணைப்பு என்றால் கடிதமும் அழியாது என்று பலர் நினைக்கிறார்கள். சர்வரை மூடிவிட்டால், வேறெங்காவது பிரதி இருந்தால்தான் அந்த ஐடியை வைத்துத் தேடிப் பிடிக்க முடியும்.